ஹெட்மனா, வொயெவோதாவா?

போலந்து வரலாற்றைத் தமிழில் எழுதுபவர்களுக்கு வரும் குழப்பம் இது. இந்த இரண்டு போலந்துப் பதவிப்பெயர்களையுமே 'தலைவர்' என்று எழுதிவிடுகிறோம்.

பிறப்பு:
ஹெட்மன் – ஜெர்மன் 'ஹவுப்ட்மன்' வழி வந்தது. 'ஹவுப்ட்' என்றால் தலை. நம் 'தலைவர்' பிறந்த அதே வழி!
வொயெவோதா – அசல் ஸ்லாவியச் சொல். போர்வீரர்களை நடத்திச் செல்பவர்.

அன்று:
ஹெட்மன் – படைத்தளபதி.
வொயெவோதா – படைத்தலைவராகத் தொடங்கி, பிறகு மாகாணப் பெரும்பதவி.

இன்று:
ஹெட்மன் – 1795-இல் நாடு துண்டாடப்பட்டதோடு பதவியும் போயிற்று. போலிஷ் மொழியில் சதுரங்க ராணிக்காய்க்கு இன்னும் அதுதான் பெயர். (ராணிக்குத் தளபதி வேடம்!)
வொயெவோதா – 16 மாகாணங்களிலும் மத்திய அரசின் பிரதிநிதி.

பழைய போர்க்கதைக்கு ஹெட்மனைத் 'தளபதி' ஆக்கலாம். இன்றைய செய்தியில் வொயெவோதாவுக்கு 'ஆளுநர்' ஓரளவு பொருந்தும், 'தலைவர்' வேண்டாம்.