மோட்டார்ஹோம் கூரைக்கு மேக்ஸ்ஃபேன் 7500கே: எப்போது காக்கும், எப்போது கைவிடும்

அமெரிக்காவில் மோட்டார்ஹோம், அதாவது வீட்டு வசதிகளுள்ள வண்டி, வைத்திருப்பவர்கள் ஜூன் பிறந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இன்னொரு ஏசி போடட்டுமா?" என்பதுதான். அதற்கு முன்னால் தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள். அங்கே 14 அங்குலச் சதுரத்தில் ஒரு துளை இருக்கும். அதில் வண்டியோடு வந்த வெள்ளைப் பிளாஸ்டிக் மூடியும், பேருக்குச் சுற்றும் சின்ன ஃபேனும் இருந்தால் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான். அந்தத் துளைக்கென்று வரும் ஃபேன்களில் பலரும் வாங்குவது மேக்ஸ்ஏர் நிறுவனத்தின் மேக்ஸ்ஃபேன் டீலக்ஸ். அதில் ரிமோட்டும், தானாகத் திறந்து மூடும் மூடியும் உள்ள வகை 7500கே. விலை முந்நூறு டாலருக்கு மேல். ஒரு ஃபேனுக்கு இவ்வளவா என்று தோன்றும். இரண்டாவது ஏசியை வாங்கி, அதற்குத் தனி வயர் இழுத்து, போதாமல் ஜெனரேட்டரையும் மாற்றுகிற செலவோடு ஒப்பிட்டால் தோன்றாது.

நிமிடத்துக்கு 900 கன அடிக்கு மேல் காற்றைத் தள்ளும் என்கிறது நிறுவனம். மீட்டர் கணக்கில் சுமார் 25 கன மீட்டர். 25 அடி நீள வண்டியின் உள்ளே இருக்கும் மொத்தக் காற்றே 33 கன மீட்டரை ஒட்டித்தான். வெயிலில் பூட்டிக் கிடந்த வண்டி வெளிக்காற்றைவிடப் பத்து டிகிரி கூடுதலாகக் கொதித்துக் கிடக்கிறது என்று வையுங்கள். அந்த வித்தியாசத்தில் 900 கன அடிக் காற்று வெளியே அள்ளிப் போகும் வெப்பம் ஏறக்குறைய நான்கே முக்கால் கிலோவாட். கொசுவலையும் ஜன்னல் நெருக்கடியும் கால் பங்கைத் தின்றாலும் மூன்றரை மிஞ்சும். கூரையில் உட்கார்ந்திருக்கும் 13,500 பிடியு (குளிர்விக்கும் திறனின் அளவு) ஏசியின் முழுத் திறனே நான்கு கிலோவாட்தான், அதுவும் 40 டிகிரி வெயிலில் கிடைக்காது. அந்த ஏசி 1,500 வாட் சாப்பிடும். இந்த ஃபேன் முழு வேகத்தில் 12 வோல்ட்டில் மூன்று ஆம்பியர், அதாவது 40 வாட்டுக்குள்.

இந்தப் பலன் வித்தியாசத்தைப் பொறுத்தது என்பதுதான் பலர் கவனிக்காத இடம். உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிட ஐந்து டிகிரி அதிகம் என்ற நிலைக்கு வந்தால் அள்ளும் வெப்பம் பாதியாகிவிடும். மூன்று டிகிரிக்கு வந்தபின் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆகவே பிற்பகலில் வண்டிக்குள் ஏறியதும் ஜன்னல்களைத் திறந்து ஃபேனை முழு வேகத்தில் வெளியேற்றும் திசையில் போடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெத்தை, அலமாரி, சுவர்ப் பலகை ஆகியவற்றின் சூட்டில் ஒரு பகுதியும் காற்றோடு போய்விடும். பிறகு ஃபேனை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, ஏசியைப் போடுங்கள். இரண்டையும் சேர்த்து ஓட்டுவது காசைக் கூரை வழியாக வெளியே வீசுவது. ஏசி குளிர்வித்த காற்றை ஃபேன் வெளியே தள்ளும், அதே அளவு வெயில் காற்று ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வரும்.

இங்கேதான் 7500கேயின் தானியங்கி முறை காலை வாரும். அதில் தெர்மோஸ்டாட் இருக்கிறது, நாம் மாற்றாவிட்டால் 78 ஃபாரன்ஹீட்டில், அதாவது இருபத்தைந்தரை டிகிரி செல்சியஸில் நிற்கும். உள்ளே அதைத் தாண்டினால் மூடி தானே திறந்து ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். வசந்த காலத்தில் அருமையான வசதி. ஆனால் வெளியே 42 டிகிரி, உள்ளே ஏசி 27க்குக் கொண்டுவரப் போராடிக்கொண்டிருக்கும்போது, தானியங்கியை அணைக்க மறந்திருந்தால் ஃபேன் 'சூடாக இருக்கிறதே' என்று கூரையைத் திறந்துவிடும். வெளியே எவ்வளவு வெயில் என்று அதற்குத் தெரியாது. உள் வெப்பத்தை மட்டும் அளக்கும் கருவிக்கு இதற்கு மேல் அறிவை எதிர்பார்க்க முடியாது, ஆனால் இந்த விலைக்கு வெளியே ஒரு சென்சார் வைத்திருக்கலாம். ஏசி ஓடும் நாட்களில் தானியங்கியை அணைத்தே வையுங்கள். நாயையோ குழந்தையையோ உள்ளே விட்டுவிட்டு 'ஃபேன் பார்த்துக்கொள்ளும்' என்று கடைக்குப் போவதும் கூடாது. வெளிக்காற்றே உடல் சூட்டைத் தாண்டிய நாளில் ஃபேனால் யாரையும் காக்க முடியாது.

ஃபேன் தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர வழி வேண்டும். 12 அங்குல விசிறியின் வட்டம் சுமார் 113 சதுர அங்குலம். திறந்திருக்கும் ஜன்னல்களின் பரப்பு அதற்குக் குறையக் கூடாது. கொசுவலை இருந்தால் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஜன்னலையும் திறப்பதும் தவறு. ஃபேனுக்குப் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தால் காற்று அங்கே நுழைந்து அப்படியே மேலே ஏறிப் போய்விடும், மற்ற இடமெல்லாம் அப்படியே வேகும். ஃபேன் படுக்கைக்கு மேலே பின்பக்கம் என்றால் முன்பக்க ஜன்னலைத் திறங்கள், அதிலும் நிழல் விழும் பக்கத்து ஜன்னலை. ஜன்னலே திறக்காமல் ஃபேனைப் போட்டால் வண்டிக்குள் அழுத்தம் குறையும். கழிப்பறை மிதியை அழுத்தியதும் கழிவுத் தொட்டியின் நாற்றம் முகத்தில் அடிப்பது அதனால்தான். நாற்றம் பரவாயில்லை, பக்கத்து வண்டியின் ஜெனரேட்டர் புகையையும் கேஸ் ஹீட்டரின் புகையையும் இதே அழுத்தம் உள்ளே இழுக்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

இந்த ஃபேனின் உண்மையான மதிப்பு இரவில்தான், அதுவும் ஊரைப் பொறுத்து. ஃபீனிக்ஸ் 2023இல் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரியைத் தாண்டிய ஊர். அங்கே ஜூலையில் விடியற்காலையிலும் 30 டிகிரியை ஒட்டியே நிற்கும், ஏசி இல்லாமல் தூக்கம் கிடையாது. வடக்கே ஏறக்குறைய 230 கிலோமீட்டர் ஓட்டி 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள ஃபிளாக்ஸ்டாஃபுக்கு ஏறிவிட்டால் ஜூலை இரவிலும் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும். அங்கே இந்த ஃபேன் ஒன்றே போதும், விடிய விடிய மூன்றாம் வேகத்தில் ஓடினாலும் பேட்டரியில் சில ஆம்பியர்-மணிதான் குறையும். முழு வேகத்திலேயே எட்டு மணி நேரம் ஓட்டினாலும் 24 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் இன்வெர்ட்டர் போட்டு ஏசியை ஓட்டினால் முக்கால் மணி நேரத்தில் பேட்டரி காலி. மின் இணைப்பு இல்லாத இடங்களில் தங்குகிறவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஃப்ளோரிடா, டெக்சஸ் கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் இவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம். அங்கே இரவுக் காற்று 27 டிகிரியில் வந்தாலும் ஈரம் சொட்டும். ஃபேன் அந்த ஈரத்தை உள்ளே கொண்டுவந்து மெத்தையிலும் துணியிலும் ஏற்றிவிடும், மறுநாள் ஏசி அதைப் பிழிந்தெடுக்கப் பாதி நேரத்தைச் செலவிடும். அந்தப் பக்கம் ஏசியை நிறுத்தாமல் குறைந்த வேகத்தில் விடுவதே நல்லது. ஃபேன் குளிப்பதற்கும் சமையலுக்கும் மட்டும். மிளகாய் வற்றல் தாளிக்கும் வீட்டுக்கு அதுவே பெரிய உதவி என்பது வேறு கதை, கரண்டியை எடுக்கும் முன்பே ஃபேனைப் போட்டுவிட்டால் புகை அலாரம் அலறாது.

ஒலியைப் பற்றி: பத்து வேகங்களில் முதல் மூன்று காதில் விழாது, ஆறுக்கு மேல் பேச்சுக் குரலை உயர்த்த வேண்டும், பத்தில் டிவி கேட்காது.

மழையில் ஓட்டலாம் என்பதுதான் இதன் போட்டியாளரான ஃபென்டாஸ்டிக்கிலிருந்து இதை வேறுபடுத்துவது. டொமெட்டிக் நிறுவனத்தின் வசம் உள்ள அந்த ஃபேனும் காற்றில் இதற்குச் சளைத்ததல்ல, அதன் பல வகைகளில் வேகம் மூன்றே என்றாலும். ஆனால் அதன் மூடி வானத்தைப் பார்த்துத் திறப்பது. மழைச் சென்சார் உள்ள வகை முதல் தூறலிலேயே மூடிக்கொள்ளும், ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மேலே தனியாக ஒரு கூடு வாங்கிப் பொருத்த வேண்டும். மேக்ஸ்ஃபேனுக்கு அந்தக் கூடு உடம்போடு வருகிறது, மூடிய நிலையில் கூரைக்கு மேல் ஐந்து அங்குலம் போலத்தான் நீட்டியிருக்கும். சாய்ந்தடிக்கும் மழையில், முக்கியமாக உள்ளிழுக்கும் திசையில் ஓட்டினால் சாரல் வரும். வெளியேற்றும் திசையில் வைத்தால் பெரும்பாலும் வராது. நெடுஞ்சாலையில் மூடிவிட்டு ஓட்டுவதே மூடியின் கீலுக்கு நல்லது.

காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு 5100கே இருக்கிறது. மூடியைக் கையால் சுற்றித் திறக்க வேண்டும், பொத்தான்கள் கூரையிலேயே இருக்கும். ஃபேன் அதே ஃபேன். கை எட்டும் இடத்தில் பொருத்துவதாக இருந்தால் அதையே பரிந்துரைப்போம், மூடியைத் திறக்கும் மோட்டாரும் பல்சக்கரமும் இல்லையென்றால் கெட்டுப்போக இரண்டு பொருள் குறைவு. 7500கே படுக்கைக்கு மேல் வைப்பதற்கு. வாங்கியதும் ரிமோட்டின் சுவர்த் தாங்கியைத் திருகிவிடுங்கள். ரிமோட் சோபா இடுக்கில் விழுந்த அன்றுதான் மழை வரும்.

பொருத்துவது ஒரு பகல் வேலை. பழைய மூடியைச் சுற்றியுள்ள, நீர்க்கசிவைத் தடுக்கும் பசையான சீலன்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் மட்டும் எடுங்கள். ரப்பர் கூரையில் இரும்புச் சுரண்டி பட்டால் கிழியும், பெட்ரோலியக் கரைப்பான் பட்டால் உப்பும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். துளையைச் சுற்றி உள்ள மரச்சட்டம் ஊறிப் போயிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்க்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது, மெத்தென்று அமுங்கினால் ஃபேனைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் மரத்தை மாற்றுங்கள். சட்டகத்தின் அடியில் இடைவெளி விடாமல் பியூட்டைல் டேப் என்ற ஒட்டும் ரப்பர் பட்டை. முன்பக்கம் எது என்று பார்த்து வையுங்கள், மூடியின் வாய் வண்டியின் பின்பக்கம் நோக்க வேண்டும். திருப்பி வைத்தால் ஓடும் வண்டியின் காற்று மூடிக்குள் புகுந்து தூக்கும். ஸ்க்ரூக்களை மூலைவிட்டமாக, சிறிது சிறிதாக இறுக்குங்கள். வெயிலில் பியூட்டைல் இளகியபின் இன்னொரு சுற்று. பிறகு ஓரத்திலும் ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலும் டைகார் போன்ற தானே பரவும் கூரைச் சீலன்ட், ஒரு குழாய் போதாமல் போகலாம், இரண்டு வாங்குங்கள். சிலிகான் வேண்டவே வேண்டாம். ரப்பர் கூரையில் ஒட்டாது, அதன் மேல் பின்னால் வேறெதுவும் ஒட்டாது. ஸ்ப்ரின்டர், புரோமாஸ்டர் வேன்கள் போல வரிகள் ஓடும் தகரக் கூரை என்றால் அந்தப் பள்ளங்களை நிரப்பும் அடிச்சட்டம் தனியாக வேண்டும்.

மின்சாரத்துக்குப் பக்கத்துக் கூரை விளக்கின் 12 வோல்ட் வயரைப் பிடிப்பது வழக்கம். தூரம் ஐந்து மீட்டர் என்றால் 14 கேஜ் வயர் போடுங்கள். மெல்லிய வயரில் வோல்ட்டேஜ் இறங்கினால் ஃபேன் சுற்றும், மூடி மட்டும் பாதியில் நிற்கும். மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் மூடி நகரும் நேரத்தில் ஃபேன் முனையில் மீட்டர் வைத்து அளந்து பாருங்கள்.

ஒளி ஊடுருவும் சாம்பல் நிற மூடியின் குறை, ஃபேன் ஓடாத பகலில் அதுவே ஒரு வெயில் ஜன்னல். 14 அங்குலத்துக்கு வெட்டி வரும், ஒருபுறம் வெள்ளித்தாள் பூசிய நுரைத் தலையணையை உள்ளிருந்து செருகினால் அடங்கும். செருகியதை மறந்து ஃபேனைப் போடாதீர்கள்.

வண்டியை நிறுத்தும் திசை சரியில்லாவிட்டால் இவ்வளவும் பாதிப் பயன்தான். அமெரிக்க வண்டிகளில் கதவும் வெயில் மறைப்பும் வலப்பக்கம். மூக்கைத் தெற்கே வைத்து நிறுத்தினால் மறைப்பு மேற்கே வரும், பிற்பகல் வெயிலை அது வாங்கிக்கொள்ளும். முன் கண்ணாடிக்கு வெளியிலிருந்து போர்வை போடுங்கள். உள்ளே மாட்டும் வெள்ளித்தாள் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட சூட்டைத்தான் தடுக்கப் பார்க்கும்.

கொசுவலையை மாதம் ஒருமுறை கழற்றிச் சோப்பு நீரில் அலசுங்கள். பாலைவனத் தூசியும் சமையல் எண்ணெயும் சேர்ந்து அடைத்தால் பத்தாம் வேகமும் ஐந்தாம் வேகம் போல இழுக்கும். கூரைச் சீலன்டை ஆறு மாதத்துக்கொருமுறை ஏணி போட்டுப் பாருங்கள், மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அன்றே மேல்பூச்சு. வாடகை வண்டியில் போகிறவர்கள் இதில் எதையும் வாங்க வேண்டாம். முன்பதிவு செய்யும்போது கூரையில் 12 அங்குல ஃபேன் உண்டா, இரு திசையிலும் ஓடுமா என்று மட்டும் கேளுங்கள்.