10 செ.மீ. பென்சில் கோட்டை நம்ப வேண்டாம்: இயற்கைப் பொருள் மொபைல் தொகுப்பு

மொபைல் என்றால் காற்றில் அசைந்து சுற்றும் தொங்கு சிற்பம். அதை நாமே கட்டிக்கொள்ளத் தரும் தொகுப்பு இது. பெட்டியைத் திறந்தால் கடலில் அடித்து ஒதுங்கிய மரக்குச்சிகள் 4 (60, 50, 40, 30 செ.மீ.), துளையிட்ட கூழாங்கற்கள் 5, உலர்ந்த விதைக்காய்கள் 9, இறகுகள் 6, நைலான் நரம்பு 5 மீட்டர், உத்தரத்தில் மாட்ட ஒரு கொக்கி, ஒரு சிறு கையேடு. பொருள்களைத் தேர்ந்தெடுத்தவர் தொழில் தெரிந்தவர். கையேட்டை எழுதியவர் வேறு யாரோ என்றுதான் தோன்றுகிறது.

தேர்வின் அருமையை முதலில் சொல்லிவிட வேண்டும். கண்ணுக்குச் சிறிய கற்கள் கைக்குக் கனக்கின்றன. பெரிதாகத் தெரியும் காய்கள் லேசாக இருக்கின்றன. தொங்கு சிற்பத்தின் உயிரே இந்த முரண்தான். இரு முனையிலும் ஒரே அளவு, ஒரே எடை என்றால் அது தராசு போல நின்றுவிடும். கனமான சிறு பொருளைப் பக்கத்திலும் லேசான பெரிய பொருளைத் தூரத்திலும் கட்டினால், சின்னக் காற்றுக்கே நீண்ட பக்கம் பெரிய வட்டம் போடும். நிறங்களையும் சாம்பல், பழுப்பு, கருமை என்று மூன்றோடு நிறுத்தியிருக்கிறார்கள். மிகச் சரி.

இனி கோளாறு. 40 செ.மீ. குச்சியின் ஒரு முனையில் 60 கிராம் கல், மறுமுனையில் 20 கிராம் காய். தொங்கவிட வேண்டிய இடம் என்று கல் பக்கமிருந்து 10 செ.மீ. தள்ளிப் பென்சில் கோடு போட்டுத் தருகிறார்கள். 60 × 10 = 20 × 30 என்பது அவர்கள் கணக்கு. குச்சியின் எடையை மறந்துவிட்டார்கள். அந்தக் குச்சி 40 கிராம். அது முழுக்க ஒரே தடிமன் என்று வைத்துக்கொண்டாலும் சரியான இடம் 13.3 செ.மீ. கோட்டில் கட்டினால் காய் பக்கம் சட்டென்று சரிந்துவிடும். இயற்கைக் குச்சியோ ஒரு முனை பருத்து மறுமுனை மெலிந்திருக்கும். கணக்கு தோராயம்தான் தரும். எடைகளைக் கட்டிய பிறகு, கத்தியின் முதுகில் குச்சியை வைத்து நகர்த்தி, நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதே வழி.

கட்டும் புள்ளியின் உயரமும் முக்கியம். முனைகளிலும் தொங்கும் புள்ளியிலும் குச்சியின் தடிமனுக்கு நடுவில் துளையிட்டு நரம்பைக் கோக்கச் சொல்கிறது கையேடு. மூன்று துளைகளும் ஒரே கோட்டில் அமைந்தால் குச்சி எந்தச் சாய்விலும் அப்படியே நின்றுவிடும், தானாக மட்டத்துக்குத் திரும்பாது. தொங்கும் புள்ளி முனைகளின் கோட்டைவிட 5 மி.மீ. அளவு மேலே இருந்தால் ஆடி அடங்கி நிலைக்கு வரும். குச்சியின் மேல்முதுகில் சிறிய திருகு வளையம் மாட்டினால் போதும். ரொம்ப உயர்த்தினால் அசைவே செத்துவிடும்.

மேலிருந்து கீழாகக் கோக்கச் சொல்வது இன்னொரு பிழை. அடுக்கு அடுக்காகக் கீழிருந்துதான் வர வேண்டும். கீழ் அடுக்கின் மொத்த எடை தெரியாமல் மேல்குச்சியின் புள்ளி கிடைக்காது. ஒவ்வொரு குச்சியும் முழு வட்டம் சுற்ற இடமும் வேண்டும். நீண்ட பக்கம் 30 செ.மீ. என்றால், அதே உயரத்தில் தொங்கும் பக்கத்து நரம்பு குறைந்தது 33 செ.மீ. தள்ளி இருக்கட்டும்.

கல்லின் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விளிம்பு கூர்மையாக, வெள்ளைத் தூளோடு இருக்கிறது. சுழலும்போது நைலான் அதில் உரசி, தட்டையாகி, ஒரு பக்கம் சிலும்பத் தொடங்கும். மெல்லிய உப்புத்தாளைச் சுருட்டித் துளைக்குள் விட்டு, தண்ணீர் தொட்டுத் தேய்த்து விளிம்பை மழுக்கிய பிறகே கோக்க வேண்டும். நைலான் முடிச்சு வழுக்கும்; நரம்பை 5 சுற்று சுற்றி, எச்சில் தொட்டு இறுக்கினால் நிற்கும். தூண்டில்காரர்கள் பயன்படுத்தும் சுழல் வளையம் பெட்டியில் ஒன்றுகூட இல்லை. அது இல்லாவிட்டால் நரம்பு முறுக்கேறி, சிற்பம் ஒரு பக்கம் சுற்றிவிட்டு அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பும். கொக்கிக்குக் கீழே ஒன்றாவது மாட்டுங்கள்.

அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டரின் அசையும் சிற்பங்களுக்கு 1931-இல் ‘மொபைல்’ என்று பெயர் வைத்தவர் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்ப். கால்டர் பெரும்பாலும் கையாண்ட கம்பியும் தகடும் மழைக்கு எடை கூடாதவை. மரமும் காயும் அப்படியல்ல. இந்தக் குச்சிகளில் உப்பு முழுதாகப் போகவில்லை. ஈரக்காற்றில் மேற்பரப்பு பிசுபிசுக்கிறது. மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, நிழலில் உலர்த்த வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து ஒரே எடை காட்டினால் காய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். காயில் குண்டூசி முனை அளவு ஓட்டையும் அதனடியில் மாவுத்தூளும் தெரிந்தால் உள்ளே பூச்சி இருக்கிறது. இறகுகளையும் சேர்த்துப் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள்.

கையேடு சொல்வதுபோல் அன்றே பசை போட வேண்டாம். இரண்டு வாரம் தொங்கவிட்டு, சாய்ந்த குச்சிகளின் முனைக் கட்டுகளைச் சற்று நகர்த்தி மட்டம் செய்த பிறகு ஒரு சொட்டு போதும். கொக்கி உறுதியானது, ஆனால் பொய்க்கூரைப் பலகையில் மாட்டக் கூடாது, மேலே உள்ள சட்டத்தைத் தேடித் திருக வேண்டும். கற்கள் இருப்பதால் தொட்டிலுக்கு மேலே இது வேண்டவே வேண்டாம்.