பழைய வண்டி ஜன்னலுக்கு எது சரி: ஒரிஜினல் சேனலா, மீட்டர் சேனலா, குஜிரி சேனலா?

பெங்களூர்ல பழைய பத்மினி, அம்பாசிடர், ஹெரால்டுன்னு கார் வச்சிருக்கறவங்க ரெஸ்டோர் பண்ண இறங்குனா காசு முதல்ல போறது குரோம் பக்கம்தான். ஜன்னல சுத்தி இருக்கற பட்டை பளபளன்னு இருக்கணும், போட்டோல நல்லா விழணும். கண்ணாடி ஏறி இறங்குற சேனல் வெளிய தெரியாது, அதனால அத கடைசில பாத்துக்கலாம்னு விட்டுடறாங்க. எனக்கு இது மனசே ஒப்பல, ஏன்னா நான் பாத்த வரைக்கும் நிறைய கதவு அழுக ஆரம்பிக்கறது சேனல் ஓரத்துலேருந்துதான். அதனால சேனல்ல என்னென்ன வழி இருக்கு, எது யாருக்கு சரிப்படும்னு முதல்ல பேசிடறேன், பட்டை அப்புறம்.

பழைய சேனல் தகட்ட ப வடிவத்துல மடிச்சு உள்ள ஃபெல்ட், அதாவது கம்பளி மாதிரி தடிச்ச துணி, ஒட்டினது. அந்த ஃபெல்ட் மழை தண்ணிய குடிச்சு நாள் கணக்குல ஈரத்த பிடிச்சு வச்சுக்கும். கழட்டி பாத்தா மேல ஒண்ணும் ஆகாத மாதிரி இருக்கும், ஃபெல்ட உரிச்சீங்கன்னா பசை இருந்த இடத்துலேருந்து காப்பித்தூள் மாதிரி துரு கொட்டும், கீழ்முனைல ஒரு விரற்கடைக்கு தகடே இருக்காது. அந்த துரு கதவோட அடில போய் விழுந்து, வடிகால் ஓட்டைய அடைச்சு, அப்புறம் பெய்யற ஒவ்வொரு மழையும் கதவுக்குள்ளயே தேங்கும். நம்ம ஊர்ல சாயங்காலம் ஒரு மணி நேரம் கொட்டிட்டு போற மழை போதும் இதுக்கு.

முதல் வழி, இருக்கற சேனலையே காப்பாத்தறது. துருவ வயர் பிரஷ்ல சுரண்டி, துரு மாத்தற கெமிக்கல் அடிச்சு, பிரைமர், பெயிண்ட் போட்டு, புது ஃபெல்ட ஒட்டணும். எஸ்.ஆர் கம்னு கிடைக்கற ரப்பர் பசைதான் சரி, ஆனா ரெண்டு பக்கமும் தடவி, தொட்டா கைல ஒட்டாத அளவுக்கு காஞ்சப்புறம்தான் அமுக்கணும், ஈரமா இருக்கும்போதே அவசரப்பட்டு அமுக்கினா வெயில்ல உரிஞ்சு வந்துடும். இதுல பெரிய லாபம் என்னன்னா அந்த தகடு அந்த கதவுக்குன்னே வளைச்சது, மூலைல திரும்பற வளைவு அப்படியே கச்சிதமா உக்காரும். வேலை ஜாஸ்தி, பொறுமை வேணும், கீழ்முனை போயிருந்தா சின்ன துண்டு தகடு வெல்ட் பண்ணணும். மெல்லிசு தகடு, சூடு கொஞ்சம் ஏறினா ஓட்டை விழும், அதனால கை பழகின டிங்கர்கிட்ட மட்டும் குடுங்க.

ரெண்டாவது, மீட்டர் கணக்குல கிடைக்கற வெல்வெட் சேனல். ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கற ஜே.சி. ரோடு பக்கம் கேட்டா எடுத்து போடுவாங்க. ரப்பர் உடம்பு, உள்ள கம்பியோ தகடோ இருக்கும், கண்ணாடி உரசற இடத்துல பஞ்சு மாதிரி வெல்வெட். வேலை சீக்கிரம் முடியும், துரு பயம் குறைச்சல். ஆனா கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர்னு அளந்துட்டு போங்க, கடைக்காரர் கண்ணால பாத்து குடுக்கறத வாங்காதீங்க. இறுக்கமா இருந்தா கண்ணாடி ஏறாது, நாம பலமா சுத்துவோம், கண்ணாடிய ஏத்தி இறக்கற கிளாஸ் மெஷினோட பல்லு தேயும். லூசா இருந்தா மேடு பள்ளத்துல கடகடன்னு ஆடும். அப்புறம் கூர்மையான மூலைல இத மடிச்சா உள்ள சுருங்கி கண்ணாடிய கவ்விடும், அந்த இடத்துல பின்பக்கமா ஒரு வி வெட்டு போட்டுத்தான் திருப்பணும்.

குஜிரிலேருந்து, அதாவது பழைய வண்டிய உடைச்சு விக்கற கடைங்கள்லேருந்து, வேற வண்டியோட சேனல எடுக்கறது மூணாவது. ஒரு காலத்துல இது நல்ல வழியா இருந்துச்சு, இப்போ சரக்கே குறைஞ்சு போச்சு. உத்தரபாரா ஃபேக்டரில அம்பாசிடர் தயாரிப்பு நின்னது 2014ல, மும்பைல கடைசி பத்மினி டாக்ஸி ரோட்ட விட்டு போனது 2023 அக்டோபர்ல, இனிமே உடைக்க வர்ற வண்டி எண்ணிக்கை குறைஞ்சுகிட்டே தான் போகும். கிடைச்சாலும் தகட்டுக்காக மட்டும் வாங்குங்க, ஃபெல்ட் உங்க வண்டில இருக்கற மாதிரியே கிழடா தான் இருக்கும். பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் ரப்பருக்கும் இதே கதை, ஷெல்ஃப்ல இருந்தே இறுகி போயிருக்கும், நகத்தால அழுத்தி பாருங்க, பள்ளம் விழுந்து திரும்ப எழும்பலன்னா வேண்டாம்.

வெறும் ரப்பர் யூ சேனல் போட்டுடலாம்னு சிலர் சொல்றாங்க. முன்னாடி அசையாத கண்ணாடி இருந்தா அங்க போடுங்க, ஏறி இறங்கற கண்ணாடிக்கு வேண்டவே வேண்டாம், ரப்பர் கண்ணாடிய பிடிச்சுக்கும், கிறீச்சுனு கத்தும்.

நான் சொல்றது இதுதான்: தகடு முக்கால்வாசி நல்லா இருந்தா ஒரிஜினலையே காப்பாத்துங்க, போயிடுச்சுன்னா மீட்டர் சேனல். சிவாஜிநகர்ல எனக்கு வேலை செஞ்சு குடுக்கற பாய் ஒருத்தர் இதுக்கு ஒரு டெஸ்ட் வச்சிருக்காரு. மெஷின்லேருந்து கண்ணாடிய கழட்டி விட்டுட்டு, "தம்பி, கைய வச்சு மேல தள்ளுங்க"ன்னாரு. தள்ளினேன், நடுவுல ஒரு இடத்துல நின்னுச்சு. "அங்கதான் சேனல் நெளிஞ்சிருக்கு, பெயிண்டுக்கு முன்னாடியே சரி பண்ணிக்கணும், அப்புறம் தட்டினா பெயிண்ட் போகும்"னு சொல்லி அந்த இடத்துல சாக்பீஸ்ல கோடு போட்டாரு. எந்த சேனல் போட்டாலும் பெயிண்டுக்கு முன்னாடி ஒரு தடவ இப்படி மாட்டி பாத்துடுங்க.

இனி பட்டை. பாலிஷா, புதுசா குரோம் பிளேட்டிங்கான்னு கேக்கறதுக்கு முன்னாடி அது என்ன மெட்டல்னு தெரியணும். காந்தம் மட்டும் நம்பாதீங்க, சில ஸ்டெயின்லெஸ்லயும் காந்தம் ஒட்டும். பின்பக்கம் லேசா சுரண்டுங்க: மஞ்சளா தெரிஞ்சா பித்தளை மேல குரோம், லேசா மெத்துனு வெள்ளையா இருந்தா அலுமினியம், துரு தெரிஞ்சா இரும்பு.

ஸ்டெயின்லெஸ்னா பிளேட்டிங்குக்கு குடுக்கவே கூடாது, அநியாயம் அது. பின்னாடி மரக்கட்டை வச்சு நசுங்கல மெதுவா தட்டி எடுத்து, 400, 600, 800, 1000 நம்பர் எமரி பேப்பர்னு படிப்படியா தேச்சு, பஃபிங் வீல்ல விட்டா புதுசு தோத்துடும். பித்தளை, இரும்புக்கு மட்டும்தான் பிளேட்டிங் யோசிக்கணும். அதுலயும் மேல இருக்கற குரோம் ஒரு மைக்ரான் கூட இருக்காது, துருவ தடுக்கறது அடியில இருக்கற நிக்கல்தான், அதனால பீன்யா இண்டஸ்ட்ரியல் ஏரியாவோ வேற எங்கயோ, காப்பர், நிக்கல், அப்புறம் குரோம்னு வரிசையா போடறாங்களான்னு கேளுங்க. குரோம் லேசா மங்கி மட்டும் இருந்தா பிளேட்டிங் வேண்டாம், ஏன்னா பிளேட்டிங்குக்கு முன்னாடி தேய்க்கற தேய்ப்புல பட்டையோட கூர்மையான விளிம்பு மழுங்கிடும், அது திரும்ப வராது.

அலுமினியம்தான் தொல்லை. மேல அனோடைஸ்னு கரண்ட் விட்டு உருவாக்கின பாதுகாப்பு படலம் இருக்கும், அது மேலயே பஃப் பண்ணா திட்டு திட்டா வரும். காஸ்டிக் சோடா தண்ணில அந்த படலத்த எடுத்துட்டுதான் பாலிஷ், கையுறை, கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி போட்டுக்கிட்டு திறந்த வெளில பண்ணுங்க. அப்புறம் திரும்ப அனோடைஸ் பண்றது நல்லது, கிளியர் கோட் அடிச்சா நம்ம வெயிலுக்கு உரியும்.

பட்டைய திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு கிளிப் ஓட்டைக்கும் பியூட்டைல் டேப், அதாவது பிசுபிசுன்னு ஒட்டற ரப்பர் டேப், ஒரு சின்ன துண்டு வைங்க, அந்த ஓட்டை வழியாவும் கதவுக்குள்ள தண்ணி இறங்கும்.