புறணி தொடங்கினால்: பேச்சை மாற்றுவதா, நிறுத்தச் சொல்வதா?

சிங்கப்பூர் ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்தில் தமிழ்த் திருப்பலி முடிந்து காப்பிக் கடையில் உட்கார்ந்ததும், யாராவது ஒருவரின் வீட்டு விவகாரம் மேசைக்கு வரலாம். "உண்மையைத்தானே சொல்றேன்" என்பது சமாதானம் ஆகாது. தக்க காரணமின்றிப் பிறர் குறையை அறியாதவரிடம் சொல்வதே தவறு என்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2477). பொய்யென்றால் அது அவதூறு.

எளிமை
மாற்றுவது: சுலபம். "அக்கா, பிள்ளைக்குப் பரீட்சை எப்படிப் போச்சு?" போதும்.
நிறுத்தச் சொல்வது: துணிச்சல் வேண்டும். "அவங்க இல்லாதப்ப இது வேண்டாமே" என்று ஒரே வரி. அதற்குமேல் போனால் பிரசங்கமாகிவிடும்.

பலன்
மாற்றுவது: அன்றைக்கு மட்டும். அடுத்த ஞாயிறு அதே கதை திரும்பும்.
நிறுத்தச் சொல்வது: நிலைக்கும். ஆனால் பெரியவரைப் பலர்முன் திருத்தினால் மனம் முறியும்; மத்தேயு 18:15 சொல்வதுபோலத் தனியே பேசுங்கள்.

"அவருக்காக ஜெபிக்கணும்" என்று தொடங்கி விவரமெல்லாம் கொட்டுவது இன்னும் ஆபத்து. ஜெபத்துக்குப் பெயரும் காரணமும்கூடத் தேவையில்லை.

புதியவர்கள், மாமியார் வழி உறவினர் என்றால் மாற்றுங்கள். நெருங்கிய நண்பர், அன்பியக் குழு (பங்கில் அக்கம்பக்கத்தார் கூடி ஜெபிக்கும் சிறு குழு) என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் பேச்சை மாற்றினாலும் செய்தி அங்கேயே கிடக்கும். அனுப்பியவரிடம் தனியே சொல்லி அழிக்கச் சொல்லுங்கள். குழந்தைக்கோ முதியவருக்கோ கொடுமை நடப்பதாகத் தெரிந்தால் இரண்டுமே பொருந்தாது. காவல்துறையிடம் சொல்லியே ஆகவேண்டும்.