43 வயதில் பாஞ்சோ: ஆறு ஆண்டு அனுபவம்

வட கரோலினாவின் டர்ஹம் நகருக்கு வேலைக்காகக் குடிவந்த மூன்றாம் ஆண்டு அது. சனிக்கிழமைச் சந்தையில் முதியவர்கள் இருவர் வயலினும், தோல் போர்த்திய தந்தி வாத்தியமான பாஞ்சோவும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். காய்கறி வாங்கப் போன நான் ஒரு மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். அடுத்த வாரமே ஒரு பாஞ்சோ வாங்கினேன். அதுவரை எந்த வாத்தியத்தையும் தொட்டதில்லை. ஆசிரியர் யாரையும் வைத்துக்கொள்ளவும் இல்லை.

வாங்கும் முன் எந்த பாஞ்சோ வேண்டும் என்று தெரிந்துகொள்வது முக்கியம். பலரும் கேட்டிருப்பது புளூகிராஸ் என்னும் அமெரிக்க நாட்டுப்புற இசைப் பாணி. மூன்று விரல்களில் கவசம் மாட்டி மின்னல் வேகத்தில் வாசிப்பது. 1945 இறுதியில் புளூகிராஸ் முன்னோடி பில் மன்ரோவின் குழுவில் சேர்ந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ் புகழ்பெறச் செய்தது. நான் கற்பது அதற்கு முந்தைய ‘ஓல்ட்-டைம்’ இசை. இதில் ‘கிளாஹேமர்’ என்னும் முறையில், நகத்தின் முதுகால் தந்தியை மேலிருந்து கீழாகத் தட்டவேண்டும். செனகல், காம்பியா பகுதியில் ஜோலா மக்கள் வாசிக்கும் அகோண்டிங் வாத்தியத்திலும் இதே கீழ்நோக்கிய தட்டல் உண்டு. பாஞ்சோ, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கையில் பிறந்த வாத்தியம். மலைநாட்டு வெள்ளையர்களின் சொத்து என்றே நானும் நினைத்திருந்தேன். எங்கள் ஊருக்குப் பக்கத்து மெபேனில், ஜோ தாம்சன் என்ற கறுப்பின வயலின் கலைஞர் 2012இல் மறையும்வரை இந்த இசையைக் காத்துவந்தார். கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்ற கறுப்பின இசைக்குழுவினர் அவரிடம் போய்க் கற்றவர்கள். இதை அறிந்த பிறகு நான் கேட்கும் விதமே மாறிவிட்டது.

என்னுடையது சுமார் 600 டாலர் விலையில் வாங்கிய, பின்பக்கம் திறந்த, மேப்பிள் மர பாஞ்சோ. ஆறு ஆண்டுகளாக அதே ஒன்றுதான். இன்னும் விலை உயர்ந்ததற்கு அவசியம் வரவில்லை. ஆனால் வந்த நாளில் அதன் ஒலி நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் இருந்தது. விற்ற கடையில் அதைச் சரிசெய்து அனுப்பவில்லை. மேல்தோல் தளர்ந்திருந்தது. தந்திகளைத் தாங்கும் சிறு மரத்துண்டான குதிரையும் இடம் மாறியிருந்தது. பாஞ்சோவின் குதிரை ஒட்டப்பட்டதல்ல, தந்திகளின் அழுத்தத்திலேயே நிற்பது. சுற்றியுள்ள கொக்கிகளை எதிரெதிராக, கால் திருகு கால் திருகாக முடுக்கினேன். பிறகு கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளில், அதாவது ஃப்ரெட்களில், பன்னிரண்டாவதில் அழுத்தி மீட்டும் ஸ்வரமும், அதே இடத்தில் விரலால் லேசாகத் தொட்டு மீட்டும் ஸ்வரமும் ஒன்றாகும்வரை குதிரையை நகர்த்தினேன். தோலுக்குப் பின்னால் ஒரு சிறு துணித் துண்டைச் செருகியதும் தேவையற்ற கணகணப்பு அடங்கியது. குழந்தைகள் தூங்கும் வீட்டில் இது இரட்டை உதவி.

நான் ஓர் ஆண்டை இழந்த கதையையும் சொல்லவேண்டும். எண்களால் எழுதிய குறிப்புகளைப் பார்த்து, எந்த ஃப்ரெட்டில் எந்த விரல் என்று முப்பது மெட்டுகளை மனப்பாடம் செய்தேன். பிறகு ஒரு வீட்டு முற்றத்தில் நடந்த கூட்டு வாசிப்புக்குப் போனேன். வட்டமாக உட்கார்ந்து ஒரே மெட்டைப் பத்துப் பன்னிரண்டு முறை நிற்காமல் சுற்றிவருவார்கள். என்னால் ஒரு சுற்றுகூடத் தொடர முடியவில்லை. ஒரு ஸ்வரம் தவறினால் நின்று, திருத்தி, மறுபடி தொடங்கியே பழகியிருந்தேன். பக்கத்திலிருந்த பெரியவர் என் இடது மணிக்கட்டைப் பிடித்து மடியில் வைத்தார். “இந்தக் கையை ஒரு மாதம் மறந்துவிடுங்கள். வெறுந்தந்தியில் தாளம் மட்டும் வாசியுங்கள்” என்றார்.

அப்படியே செய்தேன். தாம்… தக, தாம்… தக. ‘தாம்’ என்பது நகம் ஒற்றைத் தந்தியில் விழும் தட்டு. ‘த’வில் அதே நகம் கீழ்த்தந்திகளை வருடும், அப்போது கட்டைவிரல் குட்டையான ஐந்தாம் தந்தியில் அமர்ந்திருக்கும். ‘க’வில் அது விடுபடும். தினமும் மாலையில் இருபது நிமிடம். மூன்றாம் வாரத்தில் ஒருநாள், சன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கை என்னைக் கேட்காமலே ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். நான்கு தந்திகளில் மெட்டு எங்கே அலைந்தாலும் ஐந்தாம் தந்தி ஒரே ஸ்வரத்தில் தம்புராவைப்போல் நின்றது. நான் பாஞ்சோ வாசிக்கத் தொடங்கிய நாள் என்று அதைத்தான் கணக்கு வைக்கிறேன்.

அதன்பின் காதால் கற்கத் தொடங்கினேன். வட கரோலினாவின் சர்ரி மாவட்டத்து ரவுண்ட் பீக் பாணியை உலகறியச் செய்த வயலின், பாஞ்சோ கலைஞர் டாமி ஜாரலின் பதிவுகளை வேகத்தைப் பாதியாக்கிக் கேட்டேன். சாலைத் துறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர் அவர்; இளைஞர்கள் வீடு தேடிவந்து எதிரே உட்கார்ந்து கற்றிருக்கிறார்கள். அதே பாணிக் கலைஞரான ஃப்ரெட் காக்கர்ஹம் வாசித்ததோ ஃப்ரெட் இல்லாத பாஞ்சோ. ஸ்வரங்களுக்கு இடையே அவர் வழுக்கிச் செல்லும்போது, கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்நியமாகவே இல்லை.

சில்லறைத் தொல்லைகள் உண்டு. ஒரு கோடையில் ஆசைப்பட்டு ஆட்டுத்தோல் மாட்டினேன். ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் அது தொய்ந்துபோனது. பறையை ஏன் தீயில் காட்டுகிறார்கள் என்பது அன்று கையாலேயே புரிந்தது. மீண்டும் பிளாஸ்டிக் தோலுக்கு வந்துவிட்டேன். நகம் உடைவது பெரிய தலைவலி. பிங்பாங் பந்தை வெட்டி ஒட்டுபவர்களும் இருக்கிறார்கள். நான் மூன்று வாரத்துக்கு ஒருமுறை அழகு நிலையத்துக்குப் போய் ஆள்காட்டி விரலுக்கு மட்டும் அக்ரிலிக் நகம் வைத்துக்கொள்கிறேன். மெட்டுக்கு மெட்டு சுருதி மாற்றவேண்டியிருக்கும். பாஞ்சோவின் கழுத்தில் கவ்வும் 15 டாலர் சுருதிக் கருவியே நான் வாங்கியதில் மிகப் பயன்பட்ட பொருள்.

தனியாகவே கற்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியும், ஆனால் முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு கூட்டு வாசிப்பில் போய் உட்காருங்கள். வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை. வலது கை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

இந்த ஆண்டு, கட்டைவிரலை ஐந்தாம் தந்தியிலிருந்து உள்தந்திக்கு இறக்கும் ‘ட்ராப்-தம்ப்’ உத்தியில் இருக்கிறேன். இறங்கும் இடத்தில் தாளம் இன்னும் ஒரு கணம் தயங்குகிறது. அதனால் இடது கை மறுபடி மடிக்குப் போய்விட்டது. மாலையில் இருபது நிமிடம், வெறுந்தந்தியில்.