கவாய் தீவில் ஒரு நாள், ஓர் அருவி: ஹனகாபியாயா, உலுவேஹியா?

ஹவாயின் முதன்மைத் தீவுகளில் வடமேற்கே இருக்கும் கவாய்க்குச் செல்பவர் அருவி நடைக்கென்று ஒரே ஒரு நாளை ஒதுக்க முடிந்தால், அவர் முன் நிற்கும் தேர்வுகளில் முக்கியமானவை இரண்டு. வடகரையில் இருக்கும் ஹனகாபியாய் அருவிக்கு முன்பதிவு செய்துகொண்டு பெரும்பாலோர் தாமாகவே நடந்து போகிறார்கள். கிழக்கே இருக்கும் உலுவேஹி அருவிக்கோ, வழிகாட்டி ஒருவருடன் வைலுவா ஆற்றில் கயாக் படகில் துடுப்புப் போட்டுச் சென்று, பிறகு காட்டுக்குள் நடப்பதே வழக்கம். உயரத்தை மட்டும் பார்த்தால் 30 மீட்டர் அளவிலான உலுவேஹி, சுமார் 90 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஹனகாபியாய்க்கு ஈடாகாது. ஆனால் இந்தத் தீவில் அருவியின் உயரத்தை விசாரிப்பதற்கு முன், போகும் வழியில் ஓடையை எத்தனை முறை கடக்க வேண்டும் என்று விசாரிப்பதே முறை என்பது என் உறுதியான கருத்து.

கவாய், ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலிலிருந்து எழுந்த எரிமலை. அதன் நடுவே 1,569 மீட்டர் உயரத்தில் நிற்கும் வையாலேயாலே சிகரத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 9,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டுகிறது. அந்த மழை அறுத்த பள்ளத்தாக்குகள் குறுகலானவை, செங்குத்தானவை. அதனால் கரையில் வெயில் காயும்போதே மலைமேல் பெய்த மழை சில நிமிடங்களில் கீழே வந்து, முழங்கால் அளவு ஓடையை யாராலும் கடக்க முடியாத காட்டாறாக மாற்றிவிடக்கூடும்.

ஹனகாபியாய் நடையின் அழகும் ஆபத்தும் இந்த ஒரே காரணத்திலிருந்து வருகின்றன. நா பாலி கடற்கரையின் செங்குத்துப் பாறைகளை ஒட்டி ஏறி இறங்கும் கலலாவ் பாதையில் முதல் 3.2 கிலோமீட்டர் நடந்தால் ஹனகாபியாய் கடற்கரை வருகிறது. அங்கிருந்து பள்ளத்தாக்கினுள் இன்னும் 3.2 கிலோமீட்டர், பழைய சேப்பங்கிழங்கு வயல்களின் கல்வரப்புகளையும் மூங்கில் தோப்பையும் தாண்டிச் சென்றால் அருவி. போய்வர ஏறத்தாழ 13 கிலோமீட்டர். சேறு, வழுக்குப் பாறை, பாலமில்லாத ஓடைக் கடப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரு முழு நாளை எடுத்துக்கொள்ளும். 2014 ஏப்ரலில் ஓடை திடீரெனப் பெருகியதால் நூற்றுக்கும் மேற்பட்டோர் எதிர்க்கரையில் சிக்கி, மீட்கப்பட வேண்டியதாயிற்று. நீர் வடியும்வரை கரையில் காத்திருக்கும் பொறுமை இல்லாதவர், எவ்வளவு உடல்வலு உள்ளவராக இருந்தாலும், இந்தப் பாதைக்கு ஏற்றவர் அல்லர். 2018 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின் மூடப்பட்ட, இந்தப் பாதை தொடங்கும் ஹாயெனா மாநிலப் பூங்கா 2019 ஜூனில் மீண்டும் திறந்தபோது, ஹவாய் மாநிலத்தவர் அல்லாதவர்களுக்கு முன்பதிவு கட்டாயமாக்கப்பட்டது. 30 நாட்களுக்கு முன்பே பதிவு திறக்கிறது. இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும்.

உலுவேஹிப் பயணம் இதைவிட மிக எளிது. ஏறத்தாழ 3 கிலோமீட்டர் துடுப்புப் போட்டபின், ஹாவ் எனப்படும் நீர்ப்பருத்தி அடர்ந்த கரையில் படகை நிறுத்திவிட்டு, சேற்றுப் பாதையில் ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுக்கு நடந்தால் போதும். பத்து வயதுக் குழந்தையோடும் போகலாம். குழுவின் வேகத்துக்கு நடக்க வேண்டியிருப்பதும், அருவியடியில் கூட்டம் சேர்வதும், தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுப்பதும் குறைகள்தாம். திரும்பும்போது கிழக்கிலிருந்து வீசும் காற்று எதிர்த்து நிற்பதால் துடுப்புப் போடும் கை வலிக்கும். ஆயினும் ஆற்றின் நிறமும் ஓசையும் மாறுவதைக் கண்டவுடன் ‘இன்று இதற்குமேல் வேண்டாம்’ என்று சொல்ல ஒருவர் உடனிருப்பது, அந்தக் கட்டணத்துக்கு முழுதும் தகும்.

இரண்டு இடத்துக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று உண்டு. அருவிக்கு நேர்கீழே நிற்கக் கூடாது. எரிமலைப் பாறை எளிதில் பிளவுபட்டு உதிரும். ஓவாஹு தீவின் சேக்ரட் அருவியில் 1999 மே மாதம் பாறைச் சரிவில் 8 பேர் இறந்தார்கள். அந்தப் பாதை அதன்பின் திறக்கப்படவே இல்லை. காயத்துடன் நன்னீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் தொற்றலாம் என்பதையும் மறக்கலாகாது.

நீண்ட மலைநடையில் பழகியவர், முந்தைய நாட்களில் மழையில்லை என்று உறுதிசெய்துகொண்டு ஹனகாபியாய்க்குப் போகலாம். அந்தக் கடலோரக் காட்சிக்கு உலுவேஹியில் இணையில்லை. குடும்பத்துடன் முதன்முறை வருபவருக்கு நான் தயங்காமல் உலுவேஹியையே சொல்வேன். தமிழர்களுக்கு அதில் இன்னொரு வசதியும் உண்டு: யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் மரபில் வந்த கவாய் ஆதீனமும், 2023இல் குடமுழுக்குக் கண்ட கருங்கல் இறைவன் கோயிலும் அதே வைலுவா ஆற்றையொட்டியே அமைந்துள்ளன. ஞாயிற்றுக்கிழமைகளில் வழிகாட்டிகளின் கயாக் பயணம் அந்த ஆற்றில் கிடையாது என்பதால், நாளைக் குறிக்கும் முன் கிழமையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.