மாமா கார்டும் மருமகன் கார்டும்: ஆர்டிஎக்ஸ் 4090, ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ்

"அறுபதாயிரம் கூடக் குடுத்தீங்களே மாமா, அந்தக் காசு எங்க போச்சு?" என்று அக்கா மகன் என்னைக் கேட்காத விசேஷ வீடு கிடையாது. பேச்சு, கம்ப்யூட்டரில் படத்தை வரைகிற கிராபிக்ஸ் கார்டைப் பற்றி. என்னிடம் இருப்பது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090. அவனிடம் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ். முன்னது 2022 அக்டோபரிலும் பின்னது அதே வருஷம் டிசம்பரிலும் வந்தன. அறிவித்த விலை 1,599 டாலர், 999 டாலர். நான் வாங்கியது 1,68,000 ரூபாய்க்கு, அவன் 1,06,000 ரூபாய்க்கு. பேசிப் பேசி அலுத்துப்போய், போன சித்திரையில் இரண்டு வாரத்துக்குக் கார்டுகளை மாற்றிக்கொண்டோம்.

நான் மதுரையில் பில்டர்களுக்கு வீட்டுப் படம் போட்டுக் கொடுப்பவன். கட்டாத வீட்டின் ஹாலை பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் கட்டி, ஜன்னல் வெயில் டைல்ஸில் விழுவது வரை காட்ட வேண்டும். அவன் பகலில் வேலைக்குப் போய், இரவில் கேம் ஆடுபவன். ஆகவே இந்த ஒப்பீட்டில் இருப்பது இரண்டு பேருடைய வயிற்றெரிச்சலும்தான்.

முதல் சண்டை ஸ்க்ரூடிரைவரோடு. என் 4090 இரண்டு கிலோவுக்கு மேல் கனம், மூன்றரை ஸ்லாட் தடிமன். என் கேபினெட்டில் அது தொங்கிப்போகாமல் இருக்கக் கீழே ஒரு காலி தைலப் பாட்டிலை முட்டுக் கொடுத்திருக்கிறேன். அவன் கேபினெட்டுக்குள் முன்பக்க ஃபேனைக் கழற்றிய பிறகுதான் அது போனது. போனபின்னும் ஒயர் கண்ணாடிக் கதவில் இடித்தது. எக்ஸ்டிஎக்ஸ் சமர்த்துப் பிள்ளை. பழைய 8 பின் ஒயர்களே போதும், பத்து நிமிஷத்தில் உட்கார்ந்துவிட்டது.

சரி, வேலைக்கு வருவோம். கையில் இருந்த ஒரு ஹால் சீனை, செட்டிங்கில் எதையும் தொடாமல் இரண்டிலும் போட்டேன். பிளெண்டர் கார்டிடம் வேலை வாங்கும் மென்பொருள் 4090இல் ஆப்டிக்ஸ், எக்ஸ்டிஎக்ஸில் ஹிப். ஒரு படத்துக்கு 4090 எடுத்துக்கொண்டது 4 நிமிஷம் 10 நொடி. எக்ஸ்டிஎக்ஸ் பன்னிரண்டரை நிமிஷம். டிரைவரில் ஏதோ தப்பு என்று நினைத்துத் திரும்பவும் போட்டேன், அதே கதை. காரணம் தெரிந்ததுதான். ஒளிக்கதிர் எதில் போய் மோதுகிறது என்று கணக்குப் போடவே தனி வன்பொருள் இரண்டிலும் இருக்கிறது. என்விடியாவினுடையது பலசாலி, பிளெண்டரும் அதை வெகுகாலமாக முழுசாகப் பயன்படுத்துகிறது. ஏஎம்டி கார்டில் அந்த வன்பொருளைப் பயன்படுத்தும் ஹிப் ஆர்டி 2023இல் பிளெண்டர் 3.6இல்தான், அதுவும் சோதனை முயற்சியாக உள்ளே வந்தது.

ஒற்றைப் படத்தில் எட்டு நிமிஷம் போனால் டீ குடித்துவிட்டு வரலாம். ஆனால் வீட்டுக்குள் நடந்து போவது போலக் காட்டும் வாக்த்ரூ வீடியோ என்றால்? 30 நொடி வீடியோவுக்கு 900 ஃப்ரேம். ஒற்றைப் படத்தின் அளவுக்கு நுணுக்கம் வேண்டாம் என்பதால் 4090இல் ஒரு ஃப்ரேம் சுமார் 40 நொடி, மொத்தம் 10 மணி நேரம். இரவு ஒன்பதுக்குப் போட்டுவிட்டுப் படுத்தால் காலை ஏழுக்கு ரெடி. எக்ஸ்டிஎக்ஸில் அதே வேலைக்கு 30 மணி நேரம் ஆனது. வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன் என்று சொன்ன வீடியோ சனிக்கிழமை போனது. பில்டரிடம் சொன்ன சாக்கு, கரண்ட் கட்.

கரண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. 4090க்கு 450 வாட், எக்ஸ்டிஎக்ஸுக்கு 355 வாட் என்று அட்டையில் பார்த்து, என் கார்டுதான் இபி பில்லை ஏற்றுகிறது என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். முழு கம்ப்யூட்டருக்கும் தாராளமாக 500 வாட் என்று வைத்தாலும், 10 மணி நேரத்துக்கு 5 யூனிட். எக்ஸ்டிஎக்ஸ் கம்ப்யூட்டர் 400 வாட்டிலேயே ஓடினாலும் 30 மணி நேரத்துக்கு 12 யூனிட். பசி அதிகமான மாடுதான் உழவை முதலில் முடித்தது.

அப்புறம் அவன் பக்கம். அவனுடையது 27 இன்ச் 1440பி (4கேயைவிடப் புள்ளிகள் குறைந்த) மானிட்டர், ரைசன் 5 5600 பிராசசர். 4090ஐப் போட்ட முதல் இரவே போன் வந்தது. "மாமா, கார்டு ஒழுங்காத்தான் இருக்கா?" சைபர்பங்க் 2077 கேமில், ஒளிக்கதிரைக் கணக்குப் போடும் ரே ட்ரேஸிங் இல்லாமல், இரண்டு கார்டிலும் நொடிக்கு 100க்கும் 110க்கும் நடுவில்தான் ஃப்ரேம் வருகிறதாம். கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, பிராசசர்தான் மூச்சு வாங்குகிறது. அந்த பிராசசருக்கும் அந்த மானிட்டருக்கும் 4090 போடுவது, சந்துக்குள் பஸ் ஓட்டுகிற மாதிரி. 4கே டிவியில் மாட்டிய பிறகுதான் 4090 முன்னால் போனது. அப்போதும் விலை எகிறிய அளவுக்கு ஃப்ரேம் எகிறவில்லை.

மூன்றாம் நாள் அவன் குரல் மாறியது. 2023 ஏப்ரலில் அந்த கேமுக்குள் வந்த, ரே ட்ரேஸிங்கிலேயே கனமான வகையான பாத் ட்ரேஸிங்கைப் போட்டுப் பார்த்திருக்கிறான். அவனுடைய எக்ஸ்டிஎக்ஸில் அது 15 ஃப்ரேமைத் தாண்டாத ஸ்லைடு ஷோ. 4090இல் சின்னதாக வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ், நடுவில் புது ஃப்ரேம் செருகும் ஃப்ரேம் ஜெனரேஷன் இரண்டையும் போட்டதும் 90க்கு மேல். மழை பெய்த ரோட்டில் நியான் போர்டு நெளிவதை வீடியோ எடுத்து அனுப்பினான். நல்லாத்தான் இருந்தது. நடுவில் செருகும் ஃப்ரேம்கள் கண்ணுக்கு மட்டுந்தான், கைக்கு அந்த வேகம் தெரியாது என்று அவனே ஒத்துக்கொண்டான்.

4090இல் எனக்குப் பிடிக்காதது கார்டுக்குக் கரண்ட் கொடுக்கும் அந்த 16 பின் பிளக். வெளியான மாதமே சிலருக்கு உருகியது. சுமார் 50 புகார் வந்ததாகவும், முழுசாகச் செருகாததே பொதுவான காரணம் என்றும் என்விடியா நவம்பரில் சொன்னது. இருக்கலாம். ஆனால் இந்த விலைக்கு வாங்கினவன் மாதம் ஒருமுறை டார்ச் அடித்து பிளக்கைப் பார்க்க வேண்டியிருக்கிறதே! பின்னாளில் அந்த பிளக்கையே கொஞ்சம் திருத்தினார்கள். பழைய கார்டு வாங்குகிறவர்கள் பெஞ்ச்மார்க் கேட்பதற்கு முன், பிளக்கின் பிளாஸ்டிக் நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது 32 ஜிபி மெமரியோடும் 575 வாட்டோடும் என்விடியாவின் அடுத்த கார்டான 5090 வந்துவிட்டதால், இந்த இரண்டும் செகண்ட் ஹேண்டில் கண்ணில் படுகின்றன. ரெண்டர் செய்து சம்பாதிப்பவருக்கு 4090 விலையைத் திருப்பிக் கொடுக்கும்; எனக்குக் கொடுத்தது. கேம் மட்டும், அதிலும் ரே ட்ரேஸிங்கைத் தேடிப் போகாதவர் என்றால் எக்ஸ்டிஎக்ஸை வாங்கிவிட்டு மீதிக் காசில் நல்ல மானிட்டர் வாங்குங்கள்.

ரெண்டாவது ஞாயிற்றுக்கிழமை கார்டைத் துணிப்பையில் சுற்றி எடுத்துவந்தான். வாங்கின கையோடு பிளக்கைத் திருப்பிப் பார்த்தேன், கறுப்பு ஏதும் இல்லை. "ஒயரை மடிக்கலைல்ல?" என்றேன். கதவு மூடாததால் ரெண்டு வாரமும் கேபினெட்டைத் திறந்தே வைத்திருந்தானாம், அக்கா தினமும் அதற்குத் திட்டினாளாம். அறுபதாயிரம் எங்கே போனது என்று அவன் கேட்கவில்லை. நல்ல பிராசசராக ஒன்று சொல்லுங்கள் என்றான்.